முதல் கத்தி: அரத்தால் ஓர் அலகு, தோலால் ஓர் உறை

கத்தி செய்வது என்றதும் உலை, சம்மட்டி, பறக்கும் தீப்பொறி என்றுதான் மனதில் ஓடும். முதல் கத்திக்கு அதெல்லாம் தேவையில்லை. தகடாகக் கிடைக்கும் எஃகை வாங்கி, வேண்டாத இடத்தை அறுத்தும் அராவியும் கழித்துவிட்டால் மிஞ்சுவது கத்திதான். இரும்பைக் காய்ச்சி அடித்து வடிப்பது வேறு வித்தை. அதைப் பட்டறையில் ஆசாரி பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும். அராவி எடுக்கும் வேலையை மொட்டை மாடியில் ஒரு வைஸும் நான்கு அரமும் வைத்துக்கொண்டே செய்துவிடலாம்.

ஆங்கிள் கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு உடனே அதைத் தூக்கத்தான் கை போகும். முதல் கத்திக்கு வேண்டாம் என்பேன். அதில் வேலை சீக்கிரம் முடியும். கெடுவதும் அதே வேகத்தில் கெடும். அரம் ஒரு தள்ளலுக்கு எடுப்பது மயிரிழை அளவு. கோணம் தப்பினாலும் நான்கு தள்ளலுக்குள் கண்ணில் பட்டுவிடும், திருத்திக்கொள்ளலாம். கை இரும்பைப் பழகுவதும் அதில்தான்.

இங்கே செய்யப்போவது 4 அங்குல அலகுள்ள ஒரு தோட்டக் கத்தி. கயிறு அறுக்க, வாழைச்சருகு கழிக்க, கொய்யா நறுக்க, இடுப்பு பெல்ட்டில் உறையோடு மாட்டிக்கொண்டு போக. அலகைச் சிறிதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. நீளம் கூடக் கூட அராவும் வேலை கூடும், சூட்டில் வளையும் ஆபத்தும் கூடும். சட்டம் இன்னொரு காரணம். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் உள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதக் கணக்கில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு உண்டு. 4 அங்குலம் அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அதற்காக அதை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கும் திருவிழாவுக்கும் போகாதீர்கள். தோட்டத்துக் கத்தி தோட்டத்தோடு இருக்கட்டும்.

எஃகு

இரும்புக் கடையில் போய் "கத்தி செய்யப் பட்டை கொடுங்க" என்றால் மைல்டு ஸ்டீலை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதில் கார்பன் கால் சதவீதம்கூட இருக்காது. எத்தனை முறை சூடேற்றித் தோய்த்தாலும் கூர் நிற்கும் அளவுக்கு இறுகாது. கேட்டு வாங்க வேண்டியது ஓஎச்என்எஸ் என்ற கருவி எஃகு. டை, பஞ்ச் செய்யும் டூல் ரூம்களுக்கு இது அன்றாடச் சரக்கு. கோவை, சென்னை போன்ற தொழில் ஊர்களில் டூல் ஸ்டீல் விற்கும் கடைகளில் பட்டையாகவே கிடைக்கும். வெளிநாட்டுக் கத்திக்காரர்கள் ஓ1 என்று சொல்வதும் இதைத்தான். கார்பன் 0.9 சதவீதத்தை ஒட்டி இருக்கும்; கூடவே மாங்கனீஸ், கொஞ்சம் குரோமியம், டங்ஸ்டன். எண்ணெயில் தோய்த்தாலே இறுகும், வடிவமும் அதிகம் மாறாது. கடையில் மென்பதத்தில் விற்பதால் அரம் நன்றாகக் கடிக்கும். 3 மி.மீ. தடிமனில், 30 மி.மீ. அகலத்தில், 25 செ.மீ. நீளம் வாங்கினால் போதும். மென்பதம்தானா என்று தெரிய, "அனீல் பண்ணினதுதானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். ஊர்ப் பட்டறைகளில் அரிவாளும் கத்தியும் பெரும்பாலும் அதில்தான் பிறக்கின்றன, நல்ல எஃகுதான். ஆனால் அது வளைந்திருக்கும், நிமிர்த்த உலை வேண்டும். தடிமனும் அதிகம். வருடக்கணக்கில் குலுங்கித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். தோய்க்கும்போதுதான் அது வாயைப் பிளக்கும். எந்த ரக எஃகு என்று தெரியாததால் சூட்டின் அளவும் ஊகம்தான். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் இரும்பை உருக்கியே எடுத்தார்கள் என்று அகழாய்வு காட்டுகிறது. அவர்களுக்குக் கடை இல்லை. நமக்கு இருக்கும்போது பழைய இரும்போடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

மற்ற சாமான்கள்: நல்ல வைஸ், ஹேக்ஸாவும் அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடுகளும், 12 அங்குல ரஃப் அரம் ஒன்று, ஸ்மூத் அரம் ஒன்று, அரைவட்ட அரம், சின்ன உருட்டு அரம், டிரில், வாட்டர் பேப்பர் 120-லிருந்து 600 வரை. கண்ணாடியும் மூக்கை இறுக்கி மூடும் முகக்கவசமும் இதோடு சேர்ந்தவை. எஃகுத் தூளும் மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது. அரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய அரம் கையை நோகடிக்கும், கோணத்தையும் கெடுக்கும்.

அட்டையில் ஒரு கத்தி

எஃகைத் தொடும் முன் தடித்த அட்டையில் கத்தியை முழு அளவில் வரைந்து வெட்டுங்கள். அலகு 10 செ.மீ., பிடி 11 செ.மீ., அகலம் 28 மி.மீ. பிடிக்குள்ளும் அலகின் அதே எஃகு முழு அகலத்துக்கு ஓடி, இரண்டு பக்கமும் மரக்கட்டை ஒட்டும் அமைப்பு இது. புதியவருக்கு இதைவிட எளிதும் உறுதியும் வேறில்லை. முதுகு முனையை நோக்கி லேசாக இறங்கட்டும், வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பு, மெல்ல வளைந்து ஏறட்டும். அட்டையைக் கையில் பிடித்து வெங்காயம் நறுக்குவதுபோல், கயிறு அறுப்பதுபோல் அசைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் பிடியை நீட்டுங்கள். ஆட்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு சின்னக் குழிவு இருந்தால் ஈரக்கையிலும் விரல் அலகுப் பக்கம் வழுக்காது. தோட்டக் கத்திக்கு அது அவசியம் வேண்டும்.

பல்பல்லாக முதுகு, ரத்தக் கால்வாய், கொக்கி முனை என்றெல்லாம் படங்களில் பார்த்ததை இதில் கொண்டுவர வேண்டாம். ஒவ்வொரு அலங்காரமும் அராவும்போது ஒரு தொல்லை, உறை தைக்கும்போது இன்னொரு தொல்லை.

அறுப்பதும் அராவுவதும்

அட்டையை எஃகின் மேல் வைத்து மார்க்கரால் வரையுங்கள். கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு அறுங்கள். ஹேக்ஸா வளைவில் திரும்பாது. அதனால் வளைவான இடங்களில் கோடு வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நேராகப் பல வெட்டுகள் போட்டு, இடையில் நிற்கும் துண்டுகளைக் குறடால் பிடித்து ஆட்டினால் ஒடிந்து வரும். மீதியை அரம் பார்த்துக்கொள்ளும். விரல் குழிவுக்கு அரைவட்டம்.

அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் பல் மழுங்கும். பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொண்டால் எஃகில் ஆழமாகக் கீறும். அராவும் முன் அரத்தின் மேல் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அடைப்பு குறையும். அடைத்ததைப் பித்தளைக் கம்பிப் பிரஷ் எடுத்துவிடும்.

வெளிவடிவம் வந்ததும் பிடிப்பகுதியில் இரண்டு ஆணித் துளைகள். 5 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்கி வைத்துக்கொண்டு, அது தடையில்லாமல் நுழையும் அளவுக்குத் துளையுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தோய்ச்சல் ஆனபின் சாதாரண டிரில் பிட் எஃகில் ஏறவே ஏறாது. பிடி மறைக்கும் இடத்தில் கூடுதலாக நாலைந்து துளை போட்டால் எடை குறையும், பசையும் இரு பக்கத்தையும் இணைத்துப் பிடிக்கும்.

இப்போது வாயின் நடுக்கோடு. வாய்ப்பக்க விளிம்பு முழுக்க மார்க்கரால் கறுப்படித்து, கத்தியைக் கண்ணாடித் தகடு போன்ற சமதளத்தில் படுக்க வையுங்கள். பக்கத்தில் 3.5 மி.மீ. டிரில் பிட் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் முனை விளிம்பைக் கீறும்படி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துங்கள். கத்தியைப் புரட்டிப்போட்டு மறுபடி ஒரு கீறல். பிட்டின் முனை தரையிலிருந்து 1.75 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, எஃகின் தடிமன் 3 மி.மீ. ஆகவே இரண்டு கீறலும் நடுவை ஒட்டி, அரை மி.மீ. இடைவெளியில் இணையாக விழும். இரண்டு பக்கமும் இந்தக் கோடுகள் வரைக்கும்தான் அராவ வேண்டும். கோட்டைத் தாண்டினால் வாய் மெலிந்து, தோய்க்கும்போது நெளியும், அல்லது விரிசல் விடும்.

சரிவு எடுப்பதற்குக் கத்தியை நேரே வைஸில் கடிக்க விடாதீர்கள். நல்ல தடித்த பலகையில் கத்தியைப் படுக்கவைத்து, ஆணித் துளை வழியாகவே இரண்டு திருகாணி போட்டு இறுக்குங்கள். வாய்ப்பக்கம் பலகையின் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். பலகையை வைஸில் மாட்டுங்கள். சரிவு எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்று வாயிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் ஒரு கோடு. முதலில் அரத்தை 45 டிகிரி சாய்த்து, விளிம்புக் கீறல் வரைக்கும் அராவிவிடுங்கள். அப்புறம் சாய்வைக் குறைத்துக் குறைத்து அந்தச் சரிவை மேல்கோட்டை நோக்கி நடத்திக்கொண்டு போக வேண்டும். அரம் எங்கே கடிக்கிறது என்று தெரியாமல் போனால் சரிவு முழுக்க மார்க்கர் அடித்து இரண்டு தள்ளல் தள்ளிப் பாருங்கள். கறுப்பு போன இடம்தான் கடித்த இடம்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போகலாம் என்று நினைக்காதீர்கள். கால்வாசி, அரைவாசி என்று பக்கம் மாற்றி மாற்றி எடுத்தால்தான் இரண்டும் ஒத்துவரும். பிடிக்கு அருகே சரிவு தொடங்கும் இடம் இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பார்ப்பவர்கள் கண் முதலில் அங்கேதான் போகும். முனை பக்கம் வளைவைத் தொடர்ந்து அரமும் கொஞ்சம் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் முனை தடித்துப் போகும்.

அரத் தடம் மறையும்வரை 120, 220, 400 என்று வாட்டர் பேப்பரை ஒரு கட்டையில் சுற்றி நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே ஓடும் ஆழமான கீறல் ஒன்று விட்டுவிட்டாலும் தோய்க்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். இந்த இடத்தில் சோம்பல் வேண்டாம். இறுகிய எஃகில் இதே கீறலை எடுக்கப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

தோய்ச்சல்

இதுவரை கையில் இருப்பது கத்தி வடிவ இரும்பு. பழுக்கச் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து இறுக்கும் இந்தக் கட்டத்தில்தான் அது கத்தியாகும்.

நான் சொல்லும் வழி: வெளியே கொடுங்கள். அம்பத்தூர், ஓசூர், கோவை மாதிரி தொழிற்பேட்டை உள்ள ஊர்களில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து கொடுக்கும் கூடங்கள் இருக்கின்றன. உங்கள் ஒரு கத்திக்காக உலையைப் பற்றவைக்க மாட்டார்கள். வேறு ஓஎச்என்எஸ் சரக்கு போடும்போது சேர்த்துப் போடச் சொல்லுங்கள். பிடித் துளையில் கம்பி கோத்து, "ஓஎச்என்எஸ், 58 முதல் 60 எச்ஆர்சி, டெம்பர் சேர்த்து, தொங்கவிட்டுப் போடவும்" என்று எழுதிய சீட்டோடு கொடுத்துவிடுங்கள். எச்ஆர்சி என்பது இறுக்கத்தை அளக்கும் கணக்கு; டெம்பர் என்ன என்பது கீழே வரும். படுக்கப் போட்டால் வளைய வாய்ப்பு அதிகம், அதனால்தான் தொங்கவிடச் சொல்வது. இந்த எஃகு 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் கொஞ்ச நேரம் நிலையாக ஊற வேண்டும். அந்த நிதானம் கரி அடுப்பைவிட அளவுள்ள உலைக்குத்தான் எளிது.

நானே செய்கிறேன் என்பவர்களுக்கு: திறந்த வெளியில், பொழுது சாய்ந்த நேரத்தில் செய்யுங்கள். வெயிலில் எஃகின் நிறம் கண்ணுக்கு ஏமாற்றும். செங்கல் அடுக்கி, கரி கொட்டி, ஊதுகுழல் மோட்டாரோ பழைய ஹேர் டிரையரோ வைத்துக் காற்று கொடுங்கள். கரிக்குள் ஓர் இரும்புக் குழாயைப் படுக்கவைத்து, அதற்குள் கத்தியை நுழைத்தால் சூடு சமமாக ஏறும். நேரே தணலில் வைத்தால் மெலிந்த முனை முதலில் பழுத்துவிடும். எஃகு 770 டிகிரி தாண்டினால் காந்தம் ஒட்டாது. ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஒட்டாமல் போனபின் நிறம் இன்னும் ஒரு சாயல் மட்டும் ஏற விட்டு, அந்த நிலையிலேயே முடிந்தவரை சில நிமிடம் வைத்திருங்கள். ஆரஞ்சு தாண்டி மஞ்சள் பக்கம் போகவே கூடாது; எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்துக் கத்தி பொறபொறவென்று ஒடியும்.

எண்ணெய் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். உயரமான இரும்புப் பாத்திரத்தில் 3 லிட்டராவது சூரியகாந்தி எண்ணெய், கை பொறுக்காத இளஞ்சூட்டில், சுமார் 50 டிகிரி. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி வைத்தால் தீ விபத்துதான். பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதன் புகை கெடுதல். தண்ணீர் இந்த எஃகுக்கு ஆகவே ஆகாது, விரிசல் விழும். பாத்திரத்தை மூடுகிற அளவுக்கு ஓர் இரும்புத் தட்டு பக்கத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடிவிட்டால் அணையும், தண்ணீர் ஊற்றினால் வெடித்துப் பரவும். நீளக் கையுறை, ஷூ, பருத்திப் பேன்ட். லுங்கியோடு இந்த வேலை வேண்டாம்.

குறடால் பிடித்து முனை முதலாக நேர்க்குத்தாக இறக்குங்கள். வாயும் முதுகும் போகும் திசையில் முன்பின்னாக மட்டும் அசைக்கலாம். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் எடுத்து, வாய் ஓரத்தில் பழைய அரத்தை லேசாக ஓட்டுங்கள். கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் இறுகிவிட்டது.

இந்த நிலையில் கீழே போட்டால் ஒடிந்துவிடும். இறுக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உறுதி வாங்குவதுதான் டெம்பர். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே ஓடிஜி அடுப்பில் 200 டிகிரியில் 2 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி 2 மணி நேரம். வீட்டு ஓவனின் முள் காட்டுவதை நம்பாமல் உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முன்பே ஓரிடத்தைப் பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்தால் அங்கே வெளிர் வைக்கோல் நிறம் படியும். நீலம் வந்துவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

இதன்பின் மேலே படிந்த கருமையை 220-இல் தொடங்கி 600 வரை தேய்த்து எடுங்கள். கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை, தோட்டத்தில் ஒரு நாளில் போய்விடும். கூர் தீட்டாதீர்கள். மழுங்கின கத்தியோடுதான் மீதி வேலை முழுக்க.

பிடி

மரத்துக்குத் தச்சுப் பட்டறைக் கழிவே போதும். நன்றாகக் காய்ந்த வாகை, பூவரசு, தேக்கு, புளி எதுவானாலும் சரி; பச்சை மரம் மட்டும் வேண்டாம், காயும்போது சுருங்கி எஃகை விட்டு விலகும். 10 மி.மீ. தடிமனில் இரண்டு கட்டைகள், உள்பக்கம் ஒளி புகாமல் எஃகோடு பொருந்த வேண்டும். கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி அதன்மேல் தேய்த்தால் சமமாகும். எஃகின் ஆணித் துளைகளுக்கு நேராகக் கட்டைகளிலும் துளைத்துவிடுங்கள்.

இரண்டு கட்டைகளையும் சேர்த்து இறுக்கி, அலகுப் பக்கம் பார்க்கும் முன் முகத்தை மட்டும் ஒட்டும் முன்பே வளைத்து, மெருகு வரை முடித்துவிடுங்கள். ஒட்டியபின் அங்கே அரம் போனால் அலகில் கீறல்தான்.

எஃகின் ஒட்டும் பரப்பை 60 உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால் அதையும் துடைக்க வேண்டும். 24 மணி நேரம் பிடிக்கும் சாதாரண அரால்டைட்டைச் சம அளவு கலந்து பூசி, பித்தளைக் கம்பியில் நறுக்கிய ஆணிகளைச் செருகி, கிளாம்ப் போடுங்கள். பலம் காட்டி இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வந்துவிடும், மெதுவாகப் போதும். முன்பக்கம் பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போதே அசிட்டோன் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

மறுநாள் அரத்தால் வடிவம் கொடுங்கள். நடுவில் கொஞ்சம் பருத்து, முன்னே மெலிந்து, உள்ளங்கையில் நிரம்ப வேண்டும். கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தால் எங்கே குத்துகிறது என்று கையே சொல்லிவிடும். 400 வரை தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று பூச்சு. தேங்காய் எண்ணெய் உலராது, பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

உறைக்குத் தோல்

உறைக்கு வேண்டியது தாவரப் பொருளில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டது தமிழ்நாட்டின் பழைய தொழில். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தோல் இந்த வகையில் பேர்பெற்றது. சென்னையில் பெரியமேட்டில் தோல் கடைகள் நிறைய. பைக்கும் ஷூவுக்கும் போகும் பெரும்பாலான தோல் குரோம் பதனிட்டது. அது மெத்தென்றிருக்கும், நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது, அதிலுள்ள உப்பு எஃகில் துருவையும் ஏற்றும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: உள்ளே நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம், ஒரே பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கறுத்தால் நமக்கு வேண்டியது. மாட்டுத் தோலோ எருமைத் தோலோ, 3 மி.மீ. தடிமன்.

அமைப்பு எளிது. ஒரே துண்டுத் தோலை முதுகுப் பக்கம் மடித்து, வாய்ப்பக்கம் தைப்பது. பிடியில் மூன்றில் ஒரு பங்கு உறைக்குள் போனால் கத்தி தானாக நழுவி விழாது. முதலில் காகிதத்தில்: ஒரு கோடு போட்டு, அதன்மேல் கத்தியின் முதுகை வைத்து, வாய்ப்பக்கம் 15 மி.மீ. கூடுதலாக விட்டு வரைந்து, காகிதத்தை மடித்து வெட்டுங்கள். பின்பக்கத் துண்டில் மேலே ஒரு நாக்கு நீளட்டும், அதுதான் மடிந்து பெல்ட் வளையமாகும். அலகில் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டுக் காகித உறையில் போட்டு எடுத்துப் பாருங்கள். அதில் சரியாக வந்தால் மட்டும் தோலை வெட்டுங்கள்.

இதோடு ஒரு பட்டி வேண்டும். வாயின் வளைவுக்கு ஒத்த, 10 மி.மீ. அகலத் தோல் பட்டி. உறையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தையல் ஓடும் இடத்தில் இது உட்காரும். இது இல்லாவிட்டால் கத்தி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கூர் நேரே நூலில் மோதும்; சில மாதத்தில் நூலை அறுத்துக்கொண்டு உறையை ஏந்திய விரலைத் தேடி வரும். இதை விட்டுவிட்டுத் தைத்த உறையை விலைக்குக்கூட வாங்காதீர்கள்.

தைப்பது

பெல்ட் வளையத்தை முதலில் மடித்துத் தைத்துவிடுங்கள். உறையை மூடியபின் உள்ளே ஊசி போகாது. அப்புறம் மடியும் இடத்தை நனைத்து மடித்து, பட்டியை ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கத்தை அதன்மேல் மூடி ஒட்டுங்கள். இதற்குச் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசைதான்: இரு பரப்பிலும் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்த்துச் சுத்தியலால் தட்டுவது. காய்ந்ததும் மூன்று அடுக்கு ஓரத்தையும் ஒன்றாக அறுத்து, உப்புத்தாளால் சமமாக்குங்கள்.

ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே ஒரு கோடு. அதில் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி. மூன்று அடுக்கு, 9 மி.மீ. தடிமன். குத்தூசியால் நேராகக் குத்த புதிய கைக்கு வராது, டிரில்லில் 1.5 மி.மீ. பிட் போட்டு நேர்க்குத்தாகத் துளைத்துவிடுங்கள். பின்பக்கம் துளைகள் கோணாமல் வரும்.

தையலுக்கு ஒரே நூல், இரண்டு ஊசி. தோல் இவ்வளவு தடிமன் என்பதால் தையல் நீளத்தைப்போல் ஏழெட்டு மடங்கு நூலோடு, கையில் பிடிக்க ஒரு சாண் கூடுதல். 1 மி.மீ. பாலியஸ்டர் நூலைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். நூலின் ஒவ்வொரு நுனியிலும் ஓர் ஊசி கோத்து, முதல் துளையில் நூலின் நடு நிற்கும்படி வையுங்கள். அடுத்த துளையில் இடது ஊசி வலப்பக்கம் போகும். அதே துளையில் வலது ஊசி இடப்பக்கம் வரும். இரண்டையும் ஒன்றாக இழுத்து இறுக்குங்கள். இரண்டாவது ஊசி போகும்போது முதல் நூலைக் குத்திவிடாதபடி அந்த நூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். எல்லாத் துளையிலும் ஒரே ஊசியே முதலில் போகட்டும், தையல் ஒரே சாய்வில் விழும். இப்படித் தைத்ததில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற நூல் பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையல் மாதிரி பிரிந்துகொண்டே போகாது. கடைசியில் மூன்று துளை பின்னால் திரும்பித் தைத்து, நூலை ஒட்ட நறுக்கி, லைட்டரால் நுனியை உருக்கி அழுத்துங்கள். கத்தி நுழையும் உறைவாயில் முதல் தையலை இரட்டையாகப் போடுங்கள், இழுவை எல்லாம் அங்கேதான்.

ஓரத்தை 220, 400-இல் தேய்த்து, விரலால் தண்ணீர் தடவி, ஜீன்ஸ் துணியால் சூடேறும்படி வேகமாகத் தேய்த்தால் மூன்று அடுக்கும் ஒன்றாகிப் பளபளக்கும்.

கடைசியாக வடிவம். உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்து எடுங்கள். கத்திக்கு எண்ணெய் பூசி, சமையலறைக் கிளிங் ஃபிலிமை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே நுழைத்து, ஸ்பூனின் காம்பால் பிடியின் விளிம்பை ஒட்டி அழுத்திக்கொண்டே வாருங்கள். தோல் அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். வடிவம் நின்றதும் கத்தியை எடுத்துவிட்டு நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் சுருங்கி விறைத்துவிடும். காய்ந்தபின் தேன்மெழுகை இளஞ்சூட்டில் உருக்கி மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

கூரும் பராமரிப்பும்

இப்போது கூர். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசும் உள்ள இரட்டைச் சாணைக்கல் போதும். கல்லை நனைத்து, அலகை 20 டிகிரி சாய்த்து, ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே இருங்கள். மறுபக்க ஓரத்தில் பெருவிரலைக் குறுக்கே இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை. முழு நீளத்துக்கும் பிசிறு வந்தால்தான் பக்கம் மாற்ற வேண்டும். நைஸ் பக்கத்தில் இதையே லேசான கையோடு செய்து, மீந்த உறைத் தோலில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். பழுத்த தக்காளியை அழுத்தாமல் அறுத்தால் சரி.

இது துருப்பிடிக்கும் எஃகு. புளி, எலுமிச்சை, வெங்காயம் பட்டால் சில நிமிடத்தில் கறுக்கும். அந்தச் சாம்பல்நிறப் படலம் கெடுதல் இல்லை, செந்துருவைத்தான் விடக்கூடாது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து ஒரு துளி தேங்காய் எண்ணெய். கத்தியை உறைக்குள்ளேயே வாரக்கணக்கில் வைக்காதீர்கள், தோலின் ஈரமும் துவர்ப்பும் சேர்ந்து அலகை அரிக்கும். வீட்டில் இருக்கும்போது கத்தி தனியாக, உறை தனியாக. மழைக்காலத்தில் உறையில் பூஞ்சணம் பூத்தால் காய்ந்த துணியால் துடைத்து, ஒரு நாள் காற்றாடப் போட்டு, மறுபடி மெழுகு தேய்த்தால் போதும்.